பெர்சி கடைந்த பத்துப் பின்கள்

2024 மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபோது பெர்சியின் மதிப்பெண் 461. நாகமலை புதுக்கோட்டையில் அவள் வீடு இருக்கும் தெருவுக்கே சாயங்காலத்துக்குள் அந்த எண் தெரிந்துவிட்டது. அம்மா ஆனிமேரி மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா இன்பசேகரன் பல்கலைக்கழகத்தில் கிளார்க். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை இப்படி மதிப்பெண் வாங்கினால் தெரு கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பயாலஜி குரூப்பா, கம்ப்யூட்டர் குரூப்பா?

பெர்சி இரண்டையும் சொல்லவில்லை. மூன்று நிறுத்தம் தள்ளி அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அங்கே அடிப்படை இயந்திரவியல் படிக்கலாம். தமிழும் ஆங்கிலமும் படித்துக்கொண்டே அரம் பிடிக்கலாம், வெல்டிங் பழகலாம், லேத்தில் இரும்பு கடையலாம். மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் குரூப் என்று ஊரில் அதற்குப் பெயர். சேர்க்கைக்குப் போன அன்று தலைமையாசிரியர் அவளுடைய மதிப்பெண் பட்டியலை இரண்டு முறை படித்தார். பிறகு மேசையில் இருந்த வேறொரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். பெர்சி அதைத் திருப்பி வைத்துவிட்டு, தான் கொண்டுவந்ததையே மறுபடியும் கொடுத்தாள்.

வீட்டில் யாருக்கும் இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே, பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில், குழந்தை இயேசுவுக்குப் பொன்னும் பரிசும் கொண்டுவரும் மூன்று ராஜாக்களை நடக்க வைக்கிறேன் என்று கிளம்பியவள் அவள். பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டாரும் சைக்கிள் செயினும் கொண்டு ஒரு பலகையை ஓட வைத்தாள். இரவுப் பூசைக்கு வந்த கூட்டத்தின் முன்னால் மூன்று ராஜாக்களும் குழந்தை இயேசுவை விட்டுப் பின்பக்கமாக நடந்து போனார்கள். ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தாள். "பொன்னைத் திரும்ப எடுத்துட்டுப் போறாங்க போல" என்று பாடகர் குழுவில் யாரோ சொன்னது இன்றுவரை பங்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒயரை மாற்றி மாட்ட அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம்தான் தன்னை லேத்துக்கு இழுத்தது என்று அவள் சொல்கிறாள்.

பதினொன்றாம் வகுப்பு சிக்கல் இல்லாமல் போனது. வகுப்பில் முப்பத்தாறு பையன்கள், நான்கு பெண்கள். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் ஆனிமேரி ஒரு கணக்குப் போட்டார்.

பெர்சியின் திட்டம், பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் சேருவது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. ஆனிமேரியின் அலமாரியில் இருந்ததோ, ஒரு பெண்கள் கல்லூரியின் பி.காம் விவரக் கையேடு.

"நீ நோட்டுல வரைஞ்சிருக்கிற லேத்தப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "ஆனா நோட்டப் பாத்து எவனும் வேலை குடுக்க மாட்டான். நெசமான பட்டறைக்காரர் ஒருத்தர் உன்னையப் பயிற்சிக்கு எடுத்துக்கிடட்டும். அன்னைக்கு நான் பாலிடெக்னிக் ஃபாரத்துல கையெழுத்துப் போடுறேன். எடுக்கலைண்டா பி.காம். சரியா?"

"எழுதிக் குடுங்க" என்றாள் பெர்சி.

ஆனிமேரி உண்மையாகவே எழுதிக் கொடுத்தார். கணக்கு டீச்சர்.

பன்னிரண்டாம் வகுப்பில் வெளிப் பட்டறைப் பயிற்சி என்று ஒன்று உண்டு. பள்ளிக்குத் தெரிந்த பட்டறைகளில் மாணவர்கள் சில வாரம் வேலை பழக வேண்டும். திருப்பரங்குன்றம் போகும் சாலையில் பம்பு உதிரிபாகம் செய்யும் வெள்ளைத்துரை வருடத்துக்கு இரண்டு பேரை எடுப்பார். மற்ற இடங்களில் பெருக்குவதும் டீ வாங்கி வருவதும்தான் பயிற்சி. வெள்ளைத்துரையிடம் போனால் மெஷினில் நிற்கலாம். அதற்கு அவர் வைக்கும் சோதனை எளிமையானது. ஒரு விரல் நீளத்துக்கு, இருபது மில்லிமீட்டர் விட்டத்தில், உருளை வடிவில், பம்பின் பாகங்களைக் கோக்கும் இரும்புப் பின் பத்து. பள்ளி லேத்திலேயே கடைந்து கொண்டுவர வேண்டும். விட்டத்தில் நூறில் இரண்டு மில்லிமீட்டர் வரை கூடலாம், குறையலாம். பத்தில் எட்டு தேறினால் இடம் உண்டு. பையனா பெண்ணா என்று அவர் கேட்பதில்லை. பின்னைத்தான் கேட்பார்.

தொழிற்கல்வி ஆசிரியர் சிவபாண்டி முதல் ஆளாகப் பெர்சியை அனுப்பினார். கூடவே அழகுபாண்டியையும் அனுப்பினார். அவன் அலங்காநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். ஆறே முக்கால் பேருந்தைப் பிடித்து வந்து, முதல் பிரிவேளையில் தூங்கி, பட்டறையில் விழித்துக்கொள்பவன்.

காலாண்டுத் தேர்வின் கடைசி நாள் மத்தியானம் பள்ளிப் பட்டறையில் ஆயுத பூஜை நடந்தது. பூஜை நாளன்று பள்ளிக்கு விடுமுறை என்பதால் எப்போதும் முன்கூட்டியே வைத்துவிடுவார்கள். பையன்கள் வாழைக்கன்று கட்டினார்கள். லேத்துக்கு மாலை போட்டார்கள். பொரியும் கடலையும் ஒரு பெரிய தட்டில் வந்தன. போன வருடம் பெர்சி ஓரமாக நின்று பொரி மட்டும் தின்றாள். இந்த வருடம் கருவி அலமாரி அவள் பொறுப்பில் இருந்தது. அதனால் சந்தனக் கிண்ணத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். அதற்கு முன் ஒவ்வோர் அளவுக் கருவியின் வாயையும் மூடி, கோடு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, நோட்டில் குறித்தாள். பிறகு சுத்தியல், அரம், ஸ்பானர், வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து அலமாரியைப் பூட்டினாள். பூஜையில் வைத்த கருவியை நடுவில் யாரும் தொடக்கூடாது. யாரும் தொடவும் இல்லை.

அக்டோபர் ஆறாம் தேதி பள்ளி திறந்தது. கருவிகளைத் துணியால் துடைத்தாள். சுழியம் பார்த்ததாக நோட்டில் ஏற்கெனவே இருந்தது. பூட்டுக்கும் திறப்புக்கும் நடுவில் ஒரு கை பட்டதில்லை. நேராக வேலையைத் தொடங்கினாள். நூறில் ஒரு மில்லி வரை காட்டும் மைக்ரோமீட்டரில் நல்ல நிலையில் இருந்தது ஒன்றுதான். அதை அவள் எடுத்துக்கொண்டதால் அழகுபாண்டிக்கு அவ்வளவு நுணுக்கம் காட்டாத வெர்னியர்தான் கிடைத்தது. நான்கு நாளில் இருவரும் தலைக்குப் பத்துப் பின் கடைந்து முடித்தார்கள். பெர்சியின் பத்தும் மைக்ரோமீட்டரில் இருபதைத் தொட்டு நின்றன. ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி டிபன் டப்பாவில் அடுக்கினாள்.

பதினோராம் தேதி, சனிக்கிழமை. அம்மாவும் கூட வந்தார். கையில் திருத்த வேண்டிய காலாண்டு விடைத்தாள் கட்டு. வெள்ளைத்துரையின் பட்டறையில் நான்கு லேத்துகள், ஒரு டிரில்லிங் மெஷின். டிரில்லிங் மெஷினில் கனகா என்ற பெண் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், நாற்பது வயது இருக்கும். ஆனிமேரி அவரை ஒருமுறை பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டார்.

வெள்ளைத்துரை முதலில் அழகுபாண்டியின் பின்களை அளந்தார். ஆறு சரி. மூன்று தடிமன் கூடுதல். ஒன்று மெலிவு.

"வெர்னியர்லயா அளந்த?"

"ஆமாண்ணே."

"கூடுன மூணையும் அந்த மெஷின்ல போட்டுக் கொறைச்சுக் கொண்டா. கூடுனா வழி இருக்கு. கொறைஞ்சதுக்கு நான் என்ன செய்ய முடியும்."

அழகுபாண்டி அரைமணி நேரத்தில் மூன்றையும் சரிசெய்துவிட்டான். ஒன்பது தேறியது. ஒரு இடம் போனது.

அடுத்து பெர்சியின் டப்பா. முதல் பின்: 19.92. வெள்ளைத்துரை அதை இடது பக்கம் வைத்தார். இரண்டாவது: 19.92. மூன்றாவது: 19.91. பத்தும் இடது பக்கமே சேர்ந்தன. ஒரு தலைமுடி கனம்தான். ஆனால் மொத்தமும் மெலிவு.

"பத்தும் ஸ்க்ராப்பு தாயி" என்றார்.

ஆனிமேரியின் பேனா நின்றது.

வெள்ளைத்துரை அளவுகளைக் குறித்து வைத்த சீட்டைப் பெர்சி எடுத்துப் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, உங்க மைக்ரோமீட்டர ஒருக்கா மூடிக் காட்டுறீங்களா? சுழியம் பாக்கணும்."

டிரில்லிங் மெஷின் நின்றது. கனகா திரும்பிப் பார்த்தார்.

"என் மைக்ரோமீட்டரையா?"

"கை தப்புனா ஒண்ணு கூடும், ஒண்ணு கொறையும்ணே. பத்தும் ஒரே மாதிரி நூறுல எட்டு, ஒம்போதாக் கொறைஞ்சிருக்கு. அப்ப தப்பு கையில இல்ல. ஏதோ ஒரு மைக்ரோமீட்டர்லதான் இருக்கு. உங்களுதா எங்களுதாண்டு தெரியணும்."

"வாய் எம்புட்டு நீளம் பாரு" என்றார் வெள்ளைத்துரை, கனகாவைப் பார்த்து. ஆனால் மூடிக் காட்டினார். கோடு சுழியத்தில் கச்சிதமாக நின்றது.

"பத்து நாளைக்கு முன்னாடி பூஜை போட்டிருப்பீங்கள்ல. சந்தனம் வச்சீங்களாண்ணே?"

"வச்சோம். பெட்டி மேல."

"பெட்டி மேலயா?"

"பின்ன? அளக்குற வாயிலயா வைப்பாக?"

பெர்சி வெள்ளைத்துரையின் மைக்ரோமீட்டரை வாங்கி, பின்னைப் பிடிக்கும் இரண்டு முகங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கருவியில் பளபளவென்று இருக்கும் இடம் அது ஒன்றுதான். பொட்டு வைக்கத் தோதான நெற்றி போல அவளுக்குத் தெரிந்த இடமும் அதுதான். வைத்துவிட்டு, பெட்டிக்குள் அடங்குவதற்காகத் திருகி மூடியும் இருந்தாள். பத்து நாள் காய்ந்திருக்கிறது. மேலே துடைத்தாளே தவிர, வாய்க்குள் துணியை விடவில்லை.

"உள்ள வச்சேன்" என்றாள்.

அழகுபாண்டி சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் தவித்தான். "ஏ பிள்ள, நாங்க மாட்டுக்கு நெத்தியில வைப்போம், கொம்புல வைப்போம். பல்லுல எவனும் வைக்க மாட்டான்."

"நீ பக்கத்துலதான நின்ன. சொல்ல வேண்டியதுதான?"

"நான் பொரியப் பாத்துட்டு இருந்தேன்."

ஆனிமேரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "நீ பூஜை போட்டியா?"

"அலமாரி என் பொறுப்பும்மா."

"எம்புட்டுக் கனமாடி வச்ச?"

"எட்டு. நூறுல எட்டு."

அவர் சீட்டை வாங்கி பத்து எண்களையும் மேலிருந்து கீழே படித்தார். கணக்கு டீச்சரின் கண் அதில் கொஞ்ச நேரம் நின்றது. "ஆரம்பத்துல ஒரு இடம் தப்பு. மத்த எல்லா ஸ்டெப்பும் சரி" என்றார். "எங்க பள்ளிக்கூடத்துல இதுக்கு ஸ்டெப் மார்க் உண்டு."

"இங்க கெடையாது டீச்சர்" என்றார் வெள்ளைத்துரை. "காரணம் சரிதான், நான் ஒத்துக்கிடுறேன். ஆனா காரணத்தப் பம்புக்குள்ள மாட்ட முடியாதுல்ல. அடுத்த சனிக்கிழமை வேற ரெண்டு பசங்க வாராங்க. அவங்களும் பாக்கட்டும்."

அவர் பத்துப் பின்னையும் அள்ளிக் கழிவுத் தகரத்துப் பக்கம் போனார். ஆனிமேரி மகளின் முகத்தைப் பார்க்காமல் விடைத்தாள் கட்டைச் சரிசெய்யத் தொடங்கினார். எழுதிக் கொடுத்த கணக்குப்படி இனி பி.காம்தான்.

பெர்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு கரும்பலகை. அந்த வாரம் முடிக்க வேண்டிய வேலைகள் சாக்பீஸில் எழுதியிருந்தன. மூன்றாவது வரி: பின், 18 மில்லி, நீளம் 50, நாற்பது எண்ணம்.

"அண்ணே, அதக் கொட்டாதீங்க."

வெள்ளைத்துரை திரும்பினார்.

"இருபதுக்குத்தான் அது மெலிவு. பதினெட்டுக்குக் கூடுதல். நீளமும் பத்து மில்லி கூடத்தான் இருக்கு. கூடுனா வழி இருக்குண்டு நீங்கதான் அவன்கிட்டச் சொன்னீங்க. ஒரு மெஷின் குடுங்க, பத்தையும் பதினெட்டாக் கடைஞ்சு தாரேன். எட்டு தேறலைண்டா நானே கொட்டிட்டுப் போறேன்."

வெள்ளைத்துரை கையிலிருந்த பின்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தே கால்.

"ஓரத்து மெஷின் சும்மாதான் கெடக்கு. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். அதுக்குள்ள முடி."

அவள் முதலில் செய்தது, மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துடைத்து, மூடி, சுழியம் பார்த்தது. பத்துப் பின்னுக்கும் பத்து முறை அதைச் செய்தாள். மெஷின் புதிது என்பதால் முதல் பின்னிலேயே தடுமாற்றம். பள்ளி லேத்தில் டூலை நகர்த்தும் சக்கரத்தில் ஒரு கோடு திருப்பினால் விட்டம் இரண்டு கோடு குறையும். இதில் ஒரு கோட்டுக்கு ஒரு கோடுதான் குறைந்தது. நல்ல வேளை, கூடுதல் பக்கம் நின்ற தப்பு. நிறுத்தி, அளந்து, கணக்கை மாற்றிக்கொண்டாள். முதல் மூன்றும் தேறின. நான்காவதில் அவசரப்பட்டு ஒரு கோடு கூடத் திருப்பினாள். 17.94. போனது. ஐந்து, ஆறு சரி. ஏழாவது கடையும்போது மின்சாரம் போய், பாதியில் நின்று, திரும்ப வந்தபோது பின்னின் நடுவில் ஒரு வளையம் விழுந்திருந்தது. அதுவும் போனது.

"அது கரண்டோட தப்பு" என்றான் அழகுபாண்டி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தபடி.

"கரண்டையும் பம்புக்குள்ள மாட்ட முடியாது" என்றாள் பெர்சி, தலை நிமிராமல்.

எட்டும் ஒன்பதும் சரியாக வந்தன. ஏழு தேறியிருந்தது. மீதி ஒரே ஒரு பின். அது தேறினால் எட்டு. மணி பன்னிரண்டே முக்கால். ஆனிமேரி ஒன்பதாவது பின்னிலேயே திருத்துவதை நிறுத்திவிட்டார். மூடி போடாத சிவப்புப் பேனா மடியில் கிடந்து சேலையில் ஊறிக்கொண்டிருந்தது. கனகா வந்து அதை எடுத்து மூடிக் கொடுத்தார்.

"பாப்பா கை நிதானமாத்தான் இருக்கு டீச்சர். பதறாதீங்க."

"நீங்க எத்தனை வருசமா இங்க இருக்கீங்க?"

"பன்னெண்டு. மொதல்ல எண்ணெய் தொடைக்கத்தான் வந்தேன்."

"பாத்ரூம் இருக்கா?"

"பின்னாடி இருக்கு. தாப்பாளும் இருக்கு. நான் வந்த வருசம் சண்டை போட்டு வாங்குனது."

பெர்சி பத்தாவது பின்னைக் கழற்றினாள். ஆற விட்டாள். சூட்டோடு அளந்தால் இரும்பு கூடுதலாகக் காட்டும். மூன்று நிமிடம் காத்திருந்தாள். பிறகு துடைத்து வெள்ளைத்துரையிடம் கொடுத்தாள். தானே அளக்கவில்லை.

வெள்ளைத்துரை ஒரு முனையில் அளந்தார். நடுவில் அளந்தார். மறுமுனையில் அளந்தார்.

"பதினெட்டு புள்ளி பூஜ்ஜியம் ஒண்ணு" என்று சொல்லி வலது பக்கம் வைத்தார். "எட்டு."

அழகுபாண்டி கை தட்டப் போனான். அவர் முறைத்ததும் கையைத் துடைப்பது போல மாற்றிக்கொண்டான்.

"உங்க பள்ளிக்கூடத்துல அந்த மைக்ரோமீட்டர மத்த பசங்களும் எடுப்பாங்கள்ல?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"திங்கக்கிழமை போனதும் மொத வேலை அதான்ணே. கழுவிட்டு, சாரு கிட்டச் சொல்லிடுறேன்."

"என்னண்டு சொல்லுவ?"

"நான்தான் வச்சேண்டு."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பயிற்சிப் படிவம் இரண்டு எடுத்தார். ஒன்றை அழகுபாண்டியிடம் கொடுத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். இன்னொன்றை ஆனிமேரியின் முன் வைத்தார். ஆனிமேரி சிவப்புப் பேனாவைத் திறந்து, பார்த்து, மூடினார். கனகா தன் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனா கொடுத்தார். ஆனிமேரி படிவத்தை முழுதாகப் படித்தார். வேலை நேரம் என்ற இடத்தில் மாலை ஆறு என்று இருந்ததை ஐந்து என்று திருத்தினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது, "பாலிடெக்னிக் ஃபாரம் எப்ப குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"மே மாசம்."

"பி.காம் புத்தகத்தப் பக்கத்து வீட்டு ஜெஸிக்குக் குடுத்துருவோம். அவ கேட்டுட்டே இருந்தா." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட நான் சொல்லிக்கிடுறேன். சந்தனத்தப் பத்தி மட்டும் நீயே சொல்லு" என்றார்.

பயிற்சி அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்குகிறது. கூந்தலை முடிந்துகொண்டு, கழுத்துச் செயினை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். பதினெட்டு மில்லி பின் இன்னும் முப்பத்திரண்டு பாக்கி இருக்கிறது.